உங்களுக்குத் தெரியுமா? கத்தரிக்காயும் கார் ஆகும்!

ஹைதராபாத் பகதூர்புராவில், நேரு உயிரியல் பூங்காவுக்கு அருகே, 2010-இல் திறக்கப்பட்டது சுதா கார் மியூசியம். கத்தரிக்காய், பர்கர், கிரிக்கெட் பந்து, காலணி, கேமரா என எல்லா வடிவத்திலும் அங்கே கார்கள் நிற்கின்றன. வெறும் பொம்மைகள் அல்ல. எஞ்சின் பொருத்தப்பட்டு ஓடக்கூடியவை!

இவற்றைக் கையாலேயே உருவாக்கியவர் கே. சுதாகர். பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிய ஆர்வம் இது. பழைய இரும்புக் கடைகளில் எடைக்குப் போட்ட பாகங்களைத் தேடி எடுத்து, வெட்டி, வெல்டிங் செய்து புது உருவம் கொடுப்பது அவர் வழக்கம். மகளிர் தினத்துக்குக் கைப்பை கார், குழந்தைகள் தினத்துக்குப் பென்சில் கார் என்று நாளுக்கேற்ற வண்டியும் செய்திருக்கிறார். அவர் வடிவமைத்த மூன்று சக்கர சைக்கிளின் உயரம் 12.67 மீட்டர், ஏறக்குறைய நான்கு மாடி! ஒரு சக்கரத்தின் விட்டம் மட்டும் 17 அடி. 2005 ஜூலை 1 அன்று அவரே அதை ஓட்டிக் காட்டி கின்னஸில் இடம்பிடித்தார்.

கையால் கார் செய்தவர் சுதாகர் மட்டுமல்ல. இங்கிலாந்தில் வீட்டிலேயே கார் கட்டும் பழக்கம் பரவியதற்கு வரியும் ஒரு காரணம். 1957-இல் வந்த லோட்டஸ் செவன் காரை உதிரி பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் அந்தக் காலத்தில் கொள்முதல் வரி இருக்கவில்லை. சுதாகருக்கோ அப்படிப் பெட்டியில் அடுக்கிய பாகங்களும் இல்லை. பாகம் தேடுவதில்தான் அவருடைய வேலையே தொடங்குகிறது. அந்தப் பொறுமைதான் என்னை அசர வைக்கிறது.