கெடுவோடு வரும் பணம்

சுரண்டை கமிஷன் மண்டியில் விவசாயி அட்வான்ஸ் வாங்கினால், விளைச்சலை அதே மண்டிக்குத்தான் கொண்டுவர வேண்டும். கமிஷன் போக, வாங்கிய பணத்தையும் கழித்துக்கொள்வார்கள். ஆனால் தோட்டம் அவர் பேரிலேயே இருக்கும். புதுத் தொழில்களில் பணம் போடும் வென்ச்சர் கேப்பிட்டல் இதற்கு நேர்மாறு. வட்டி கிடையாது, அடமானம் கிடையாது, தொழில் நொடித்தால் திருப்பித் தர வேண்டியதும் பெரும்பாலும் இல்லை. அதற்குப் பதிலாகத் தோட்டத்திலேயே பங்கு கேட்பார்கள்.

பணம் போடுகிறவரும் பெரும்பாலும் தன் பணத்தைப் போடுவதில்லை. ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரும் செல்வந்தர்கள் ஆகியோரிடம் திரட்டி, ஏறத்தாழ 10 ஆண்டுகளில் லாபத்தோடு திருப்பித் தருவதாகச் சொல்லியிருப்பார். ஆண்டுக்கு 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம், லாபத்தில் 20 சதவீதம் அவருக்கு என்பது வழக்கமான கணக்கு. போட்ட பத்து கம்பெனிகளில் பல கவிழும், சில முதலை மட்டும் தேற்றும். மிஞ்சிய ஒன்றிரண்டு பல மடங்கு பெருத்து அத்தனை நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டும். ஆகவே வருஷாவருஷம் சீராக லாபம் பார்க்கும் எண்ணெய் ஆலை அவருக்குத் தேவையில்லை. அது நல்ல தொழில்தான். அவர் கெடுவுக்குள் நூறு மடங்காகாது, அவ்வளவே.

நிறுவனரின் பங்கு கரைவதைப் பாருங்கள். ஒவ்வொரு முதலீட்டுச் சுற்றிலும் 20 சதவீதம் கொடுத்தால், மூன்று சுற்று முடிவில் 100 என்பது 51 ஆகிவிடும். அதைவிடக் கடுமையானது முன்னுரிமை ஷரத்து. 10 கோடி போட்டவர் வைத்திருப்பது 20 சதவீதமே என்றாலும், கம்பெனி 12 கோடிக்கு விலைபோனால் முதலில் தன் 10 கோடியை எடுத்துக்கொள்ளலாம். மற்ற எல்லோருக்கும் சேர்த்து மீதி 2 கோடி.

முதலீட்டாளர் பணம் வாங்காமல் வளர்வது, வாங்கி வளர்வது என்ற இரண்டு பாதைக்கும் சாட்சி நம் பக்கத்திலேயே உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் கம்பெனி சோஹோ, 2011-இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. கம்பெனியின் ஆரம்ப காலத்திலேயே முதலீடு தேடி வந்தது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் பணம் போட்டவர் வெளியேற வழிசெய்ய வேண்டும் என்ற ஷரத்தைப் பார்த்து நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு வேண்டாம் என்றார். சென்னையிலோ கலிபோர்னியாவிலோ இருக்க வேண்டியதுதானே, கிராமத்தில் என்ன வேலை என்று கேட்க முதலீட்டாளர் எவரும் இல்லாததால்தான் மத்தளம்பாறை சாத்தியமாயிற்று என்பது என் கணிப்பு.

அதே சோஹோவிலிருந்து வெளியேறிய கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2011-இல் ஆக்ஸெல் என்ற வென்ச்சர் கேப்பிட்டல் நிறுவனம் அதில் 10 லட்சம் டாலர் போட்டது. அடுத்தடுத்த சுற்றுகளுக்குப் பின், 2021 செப்டம்பர் 22-இல் நாஸ்டாக் சந்தையில் ஒரு பங்கு 36 டாலர் என்ற வெளியீட்டு விலையோடு இறங்கியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக கிரீஷே அறிவித்தார். மறு ஆண்டே அந்தப் பங்கு பாதி விலைக்கும் கீழே போனது. தொடக்கத்தில் போட்டவர்களுக்கு அப்போதும் லாபம்தான். 36 டாலருக்கு வாங்கியவர்களுக்குத்தான் அடி.

சுரண்டையில் மாவு மில்லோ மசாலா கம்பெனியோ தொடங்குகிறவர்கள் மாவட்டத் தொழில் மையத்தையும் வங்கியையும் முதலில் பாருங்கள். மென்பொருள்போல வேகமாகப் பெருகக்கூடிய யோசனை இருந்தால், புதுத் தொழில்களுக்கு ஆரம்ப நிதி தரும் தமிழக அரசின் தான்சீட் திட்டத்தை விசாரியுங்கள். அதையும் தாண்டி முதலீட்டாளர் ஒப்பந்தம் கைக்கு வந்தால், மதிப்பீட்டுத் தொகையைப் பார்த்து மயங்காமல், வெளியேறும் ஷரத்தையும் முன்னுரிமை ஷரத்தையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

(தொடரும்)