மென்பொருளுக்குள் எந்த முகவரி பதிகிறது?

டெபியன் 12-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2026 ஜூன் மாதத்தோடு முடிவடைவதால், மூலநிரலிலிருந்து தாங்களே கட்டிக்கொண்ட மென்பொருள்களைப் புதிய பதிப்பில் மறுபடியும் கட்ட வேண்டிய நிர்ப்பந்தம் பலருக்கு நேர்ந்திருக்கிறது. அது குறித்து வாசகர்கள் எழுதும் கடிதங்களில் காணும் குழப்பம், பெரும்பாலும் பிரிஃபிக்ஸுக்கும் டெஸ்ட்டிருக்கும் உள்ள பேதத்தைப் பற்றியதாகவே இருக்கிறது.

கான்ஃபிகர் கட்டத்தில் நாம் கொடுக்கும் பிரிஃபிக்ஸை, ‘கோப்புகள் நிறுவப்படும் இடம்’ என்று கையேடுகள் வருணிப்பது பாதி உண்மையே. அமைப்புக் கோப்பையும் மொழிபெயர்ப்புகளையும் எங்கே தேடுவது என்ற பாதை, தொகுக்கும்போதே பல நிரல்களின் உள்ளே எழுத்தாகப் பதிந்துவிடுகிறது. ஆகையால், வெளியீட்டுக்காகக் கோப்புகளைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் கோப்பகத்தையே ஒருவர் பிரிஃபிக்ஸாகக் கொடுத்துத் தொகுத்துவிட்டால், அந்த நிரல் பயனரின் கணினிக்குப் போன பின்னரும், தயாரித்தவரின் கணினியில் மட்டுமே இருந்த கோப்பகத்தைத் தேடித் தவிக்கும்.

இதற்குக் குனு மரபு வகுத்த உபாயமே டெஸ்ட்டிர். மேக் இன்ஸ்டால் கட்டத்தில் மட்டும் தரப்படும் இந்த மாறி, ஒவ்வொரு கோப்பின் இலக்குப் பாதைக்கும் முன்னால் ஒட்டிக்கொள்கிறதே தவிர, கோப்பின் உள்ளடக்கத்தைத் தீண்டுவதில்லை. பிரிஃபிக்ஸ் /யுஎஸ்ஆர் ஆகவும் டெஸ்ட்டிர் /டிஎம்பி/பொதி ஆகவும் இருந்தால், கோப்புகள் /டிஎம்பி/பொதி/யுஎஸ்ஆர் என்ற இடத்தில் சேரும். நிரலுக்குள் பதிந்திருப்பதோ /யுஎஸ்ஆர் மட்டுமே. கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளை அச்சகத்தின் எந்த அலமாரியில் அடுக்கினாலும், உள்ளே அச்சிட்ட மண்டபத்தின் விலாசம் மாறாதிருப்பதைப் போன்றது இது. சேர்ந்ததை ரூட் அதிகாரமின்றியே பரிசோதித்துப் பொதியாகக் கட்டிவிடலாம். இத்தனை சிறிய ஏற்பாட்டினால் இத்தனை பெரிய சௌகரியம் விளைவதை நான் மெய்யாகவே வியக்கிறேன்.

ஆயினும் இது முழுக்க முழுக்க மேக்ஃபைல் எழுதுகிறவரின் ஒழுக்கத்தை நம்பிய ஏற்பாடு. நிறுவும் வரிகளில் ஒன்றிலே அவர் இந்த மாறியை மறந்துவிட்டாலும், அந்தக் கோப்பு சேமிப்பு இடத்தைத் தாண்டி, இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் நிஜமான கோப்பகத்தை நோக்கியே செல்லும். எனவே, ‘எங்கள் மென்பொருள் டெஸ்ட்டிரை ஆதரிக்கிறது’ என்ற பிரகடனத்தை, சாதாரணப் பயனர் கணக்கில் ஒருமுறை நிறுவிப் பார்க்காமல் ஏற்பது உசிதமன்று. ரூட் அதிகாரம் இல்லாத அந்தக் கணக்கில், கணினியின் கோப்பகங்களில் எழுத முனையும் வரி, அனுமதி மறுக்கப்பட்டு அங்கேயே அகப்பட்டுவிடும்.

இனி, இதையொட்டி எழும் சில கேள்விகள். பிரிஃபிக்ஸைச் சொல்லாவிட்டால்? /யுஎஸ்ஆர்/லோக்கல் என்றே கொள்ளப்படும்.

/யுஎஸ்ஆர் என்று சொன்னதும் அமைப்புக் கோப்புகள் /யுஎஸ்ஆர்/இடிசி-க்குப் போவதேன்? நாம் வேறாகச் சொல்லாதவரை அவற்றின் இடமும் பிரிஃபிக்ஸின் கீழேயே அமைவதால்தான்; சிஸ்கான்ஃப்டிர் என்பதை /இடிசி என்றும், அதேபோல் லோக்கல்ஸ்டேட்டிர் என்பதை /வார் என்றும் தனித்தனியே கொடுக்க வேண்டும்.

சிமேக் பயன்படுத்துவோருக்கு? பிரிஃபிக்ஸுக்கு அங்கே வேறொரு நீண்ட பெயர் உண்டு. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் டெஸ்ட்டிர் அப்படியே செல்லும்.

கட்டும் கோப்பகத்தின் பெயரும் நிரலுக்குள் நுழையுமா? நுழையும், முக்கியமாகப் பிழைதிருத்தத் தகவல்களில்; 2018-இல் வெளிவந்த ஜிசிசி 8 முதல், ‘எஃப்ஃபைல் பிரிஃபிக்ஸ் மேப்’ என்ற தேர்வு அதை மாற்றி எழுத உதவுகிறது. யார் கட்டினாலும் பைட்டுக்குப் பைட் ஒன்றாகவே வரும் என்று ஒரு வெளியீட்டைப் பற்றி உறுதி கூறுவோரிடம், அதே பெயருள்ள கோப்பகத்தில் கட்டினால் மட்டுமா, எந்தக் கோப்பகத்தில் கட்டினாலுமா என்று வாசகர்கள் அவசியம் கேட்க வேண்டும்.