சத்தமில்லாத கேமிங் கம்ப்யூட்டர்: பட்ஜெட்டுக்குள்ள அசெம்பிள் பண்றது எப்படி?



கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போறோம்னு சொன்னாலே எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "எத்தனை எஃப்பிஎஸ் வரும்?". "எவ்வளவு சத்தம் வரும்?"னு யாரும் கேக்க மாட்டாங்க. நானும் கேக்கல. அதனால பட்ட பாட்டைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

ரெண்டாம் வருஷத்துல, அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்துல 75,000 ரூபாய்க்கு ஒரு மெஷின் அசெம்பிள் பண்ணேன். காசுல பாதிக்கு மேல கிராபிக்ஸ் கார்டுக்கே போயிடுச்சு. மிச்சத்துல, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, கலர் கலரா லைட் எரியுற கேபினெட். பார்க்க அம்சமா இருந்துச்சு. கேம் ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷம், ரூமுக்குள்ள மிக்ஸி ஓடுற மாதிரி இருந்துச்சு.

நாங்க மூணு பேர் ஒரே வாடகை ரூம்ல இருக்கோம். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, மெக்கானிக்கல் படிக்கிற என் ரூம்மேட் ஒண்ணும் சொல்லாம பாயைச் சுருட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டான். மறுநாள் அவனுக்கு அரியர் எக்ஸாம். திட்டியிருந்தா கூடப் பரவாயில்ல. பேசாம போனதுதான் உறுத்துச்சு.

பேப்பர் கிளியர் ஆன பிறகு அவனே உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தான். "டேய், இது ஃபேன் பிரச்சினை. எங்க சிலபஸ்லயே இருக்கு"ன்னான். இந்தக் கட்டுரையில பாதி அவன் சொன்னது, மீதி நான் கை சுட்டுக் கத்துக்கிட்டது.

ஃபேன் கணக்கு

கம்ப்யூட்டர்ல சத்தம் போடுறது பெரும்பாலும் ஃபேன்தான். ஃபேன் வேகமா சுத்தக் காரணம் வெப்பம். அதனால "சத்தத்தைக் குறை"ன்னா, முதல்ல வெப்பத்தைக் குறைக்கணும், அப்புறம் மிச்ச வெப்பத்தை மெதுவா சுத்துற ஃபேனால வெளியேத்தணும். மொத்த சூத்திரமும் இவ்வளவுதான்.

ஃபேன் விதிகள் என்ன சொல்லுது? வேகத்தைப் பாதியாக்கினா காற்றோட்டமும் பாதியாகும். ஆனா சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைஞ்சாலே காதுக்குப் பாதி சத்தம் மாதிரிதான் தோணும். அப்போ 15 எவ்வளவுன்னு பார்த்துக்கோங்க.

இன்னொரு கணக்கு. ஒரே மாதிரி ரெண்டு ஃபேன் சேர்ந்து ஓடினா, ஒண்ணு மட்டும் ஓடுறதைவிட 3 டெசிபல்தான் கூடும். அதாவது ஒரு ஃபேனை முழு வேகத்துல ஓட்டுறதுக்குப் பதிலா ரெண்டு ஃபேனைப் பாதி வேகத்துல ஓட்டினா, காற்று கிட்டத்தட்ட அதே அளவு. சத்தம் மட்டும் 12 டெசிபல் போல குறைவு. ஃபேன் அதிகமானா சத்தம் அதிகமாகும்னு நினைக்கிறது தப்பு.

அளவும் முக்கியம். 120 மில்லிமீட்டர் ஃபேன் தர்ற காற்றை 140 மில்லிமீட்டர் ஃபேன் சுமார் 63% வேகத்துலயே தந்துடும். காகிதக் கணக்குல அதுலயே 5 டெசிபல் மிச்சம். நிஜத்துல கேபினெட்டுக்குள்ள இருக்கிற தடைகளால கணக்கு கொஞ்சம் மாறும், ஆனா திசை இதேதான்: பெருசா வாங்கு, மெதுவா ஓட்டு.

நம்ம ஊர் வெயிலையும் சேர்த்துக்கோங்க

யூடியூப் ரிவ்யூ பார்த்து, "இந்தக் கூலர்ல 70 டிகிரிதான் வருது"ன்னு வாங்குவோம். அந்த டெஸ்ட் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி ஏசி ரூம்ல நடந்தது. கூலர் வேலை செய்றது வெப்பநிலை வித்தியாசத்துல. 22 டிகிரி ரூம்ல சிப் 70 டிகிரின்னா வித்தியாசம் 48. அதே கூலர், அதே ஃபேன் வேகம், மே மாசத்துல 36 டிகிரி ரூம்ல: 36 கூட்டல் 48, மொத்தம் 84 டிகிரி. அதை 70-க்கு இழுக்க ஃபேன் கத்திதான் ஆகணும். அதனால ரிவ்யூல "போதும்"னு சொன்ன கூலரைவிட ஒரு படி பெருசா எடுங்க.

பிராசஸர்: வாட்டைப் பாருங்க

மிட் பட்ஜெட் கேமிங்குக்கு ஆறு கோர், பன்னிரண்டு திரெட் தாராளம். உதாரணத்துக்கு ஏஎம்டி ரைசன் 5 7600 எடுத்துக்குவோம். டப்பாவுல 65 வாட்னு போட்டிருக்கும், நிஜத்துல 88 வாட் வரைக்கும் இழுக்கும். இன்டெல் ஐ5 12400-ல அடிப்படை 65 வாட், டர்போவுல அதிகபட்சம் 117 வாட். எப்பவுமே இந்த ரெண்டாவது எண்ணைத் தேடிப் பாருங்க. கூலர் சமாளிக்க வேண்டியது அதைத்தான்.

7600 கூட டப்பாவுலயே ஒரு சின்ன அலுமினிய கூலர் வரும். வேலை செய்யும், ஆனா லோடு ஏறினா நல்லாவே கேக்கும். 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள்ள நாலு ஹீட் பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன் வச்ச டவர் கூலர் கிடைக்கும். மொத்த மெஷின்ல குறைஞ்ச காசுக்கு அதிக அமைதி தர்ற பொருள் இதுதான். தண்ணி கூலிங் இந்த வாட்டுக்குத் தேவையே இல்ல. அதுல ஃபேன் சத்தம் போக பம்ப் சத்தம் வேற சேரும்.

கிராபிக்ஸ் கார்டு: பெரிய அடுப்பு

கேம் ஓடும்போது பெட்டிக்குள்ள அதிக வெப்பம் கக்குறது இதுதான். ஒரே மாதிரி வேகம் தர்ற கார்டுகள்ல வாட் எதுல குறைவுன்னு பாருங்க. 2021-ல வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். 2023-ல வந்த ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட்தான், வேகமும் பொதுவா அதைவிட அதிகம். 55 வாட் வெப்பம் பெட்டிக்குள்ள வரவே இல்லைன்னா, அதை வெளியேத்துற வேலையும் இல்ல.

4060-ல ஒரு குறையும் உண்டு. மெமரி 8 ஜிபிதான், 3060-ல 12 ஜிபி வரும். சில புது கேம்கள்ல டெக்ஸ்சரை உச்சத்துல வச்சா 8 ஜிபி திணறும். 1080பி-ல டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி விளையாட ரெடின்னா பிரச்சினை இல்ல.

அடுத்து, ஒரே சிப்பை வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு கூலரோட விக்கும். விலை குறைவான மாடல்ல மெலிசா ஹீட் சிங்க், சின்ன ஃபேன் இருக்கும். நாலு ரிவ்யூ பார்த்து, ஹீட் சிங்க் தடிமனா, சும்மா இருக்கும்போது ஃபேன் முழுசா நிக்கிற மாடலா எடுங்க. அசைன்மென்ட் டைப் பண்ணும்போது அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

கேபினெட்: நான் தோத்த இடம்

முன்பக்கம் கண்ணாடியால மூடின கேபினெட், மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுற மாதிரி. ஓரத்துல இருக்கிற சின்ன இடுக்கு வழியாதான் காற்று உள்ள வரணும். உள்ள சூடு தேங்க, எல்லா ஃபேனும் ஒண்ணாக் கத்தும். முன்பக்கம் முழுக்க மெஷ் வச்ச கேபினெட் எடுங்க. ஓட்டை வழியா சத்தம் வெளிய வராதான்னு கேக்கலாம். வரும்தான். ஆனா ஃபேன் மெதுவா ஓடுறதால வெளிய வர சத்தமே கம்மி.

முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ளே தள்ள, பின்னாடி ஒண்ணு வெளியே இழுக்க, இது போதும். உள்ள வர்ற காற்று கொஞ்சம் அதிகமா இருந்தா தூசி இடுக்கு வழியா நுழையாம, ஃபில்டர்லயே தங்கும்.

எஸ்எம்பிஎஸ்: கடைக்காரர் தள்ளிவிடுறதை வாங்காதீங்க

மேல சொன்ன பிராசஸருக்கு 88, கார்டுக்கு 115, மத்ததுக்கு ஒரு 50 வாட் வைங்க. மொத்தம் சுமார் 250. இதுக்கு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் எடுத்தா, கேம் ஓடும்போது பாதி லோடுக்குப் பக்கத்துலதான் இருக்கும். 80 பிளஸ் அளவீட்டுல பாதி லோடுக்கு பிரான்ஸ் 85%, கோல்டு 90% திறன் தரணும். 250 வாட்டுக்கு பிரான்ஸ்ல 44 வாட் வெப்பமா வீணாகும், கோல்டுல 28 வாட். லோடு குறைவா இருக்கும்போது ஃபேனே சுத்தாத மாடல்களும் இருக்கு.

ரிச்சி ஸ்ட்ரீட் போனாலும் ஆன்லைன்ல வாங்கினாலும், "கேபினெட்டோட எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ"ன்னு சொன்னா கும்பிடு போட்டுட்டு நகருங்க. அது போனா தனியா போகாது, மதர்போர்டையும் கூட்டிக்கிட்டுப் போக வாய்ப்பு இருக்கு. ஜிஎஸ்டி பில்லும், அதுல சீரியல் நம்பரும் கேட்டு வாங்குங்க. வாரண்டிக்குப் போகும்போது அதுதான் பேசும்.

ஹார்டு டிஸ்க் வேண்டாம்

7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க்னா நொடிக்கு 120 சுத்து. அந்த அதிர்வு கேபினெட் தகடு வழியா டேபிளுக்கு இறங்கி, "உம்ம்"னு ஒரு ரீங்காரம் கேட்டுக்கிட்டே இருக்கும். ஒரு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டா அந்தச் சத்தமே இல்ல. படம், பேக்கப் எல்லாம் எக்ஸ்டர்னல்ல வச்சு, தேவைப்படும்போது மட்டும் சொருகுங்க.

காசை எப்படிப் பிரிக்கிறது?

விலை வாரத்துக்கு வாரம் மாறும், ரேம் விலையைச் சொல்லவே வேண்டாம். அதனால பங்கா சொல்றேன். மானிட்டர் இல்லாம 80,000 ரூபாய்னு வைங்க:

கிராபிக்ஸ் கார்டு – 36%
பிராசஸர் – 20%
மதர்போர்டு – 12%
ரேம், எஸ்எஸ்டி – 14%
எஸ்எம்பிஎஸ் – 7%
கேபினெட், ஃபேன் – 7%
கூலர் – 4%

கடைசி மூணும் சேர்ந்து 18%, அதாவது 14,400 ரூபாய். முதல் தடவை நான் இந்த மூணுக்கும் சேர்த்து 6,000 கூட ஒதுக்கல. இந்த மூணால ஒரு எஃப்பிஎஸ் கூட ஏறாதுன்னு நினைச்சேன். அது உண்மைதான். ஆனா ரூம்ல மத்தவங்க தூங்குறது இந்த மூணாலதான்.

ஏற்கெனவே வாங்கிட்டீங்களா?

நானும் புதுசா வாங்கல. பணம் ஏது? இருக்கிறதை வச்சு சரி பண்ணேன். முதல் மூணு வேலைக்குச் செலவே இல்ல.

ஒண்ணு, எஃப்பிஎஸ்-க்கு வரம்பு வைங்க. உங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்னா கார்டு 200 பிரேம் வரையுறது யாருக்காக? மானிட்டர் அளவுக்கு வரம்பு வச்சா கார்டு தானா அடங்கும். கார்டுலேர்ந்து "கீஈ"ன்னு வர்ற காயில் சத்தமும் பெரும்பாலும் இதுலயே குறையும்.

ரெண்டு, அண்டர்வோல்ட். சிப் இழுக்குற பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும்னு எலெக்ட்ரானிக்ஸ் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அதே வேகத்துல வோல்டேஜை 10% குறைச்சா அந்தப் பவர் 19% குறையும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மாதிரி மென்பொருள்ல கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்க. ஹேங் ஆனா ஒரு படி ஏத்திடுங்க. அது பயமா இருந்தா பவர் லிமிட்டை மட்டும் 80%-க்கு இறக்குங்க, கொஞ்சம் எஃப்பிஎஸ்தான் போகும்.

மூணு, பயாஸ்ல ஃபேன் கர்வ். ஃபேன் நிமிஷத்துக்கு நாலு தடவை ஏறி ஏறி இறங்கினா தூக்கம் போயிடும். சீரா ஓடுற சத்தம் அந்த அளவுக்கு உறுத்தாது. வேகம் மாற சில நொடி தாமதம் வச்சு, 60 டிகிரி வரைக்கும் ஒரே வேகத்துல ஓட விடுங்க.

இதுக்கு மேலதான் காசு. டவர் கூலர் ஒண்ணு, ஃபேன் ரெண்டு வாங்கினேன், 5,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. கண்ணாடி முகப்பைக் கழட்டிட்டு, ஹார்டுவேர் கடையில வாங்கின கொசு வலையை வெட்டி மாட்டினேன். அழகு போச்சு, சூடும் போச்சு.

ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மெஷினை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கிட்டுத் தூசி தட்டுங்க. பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, இல்லன்னா அளவுக்கு மீறி சுத்தி பேரிங் வீணாயிடும். கேபினெட்டைத் தொட்டா சுரீர்னு இருந்தா, உங்க பிளக் பாயின்ட்ல எர்த்திங் சரியில்லாம இருக்கலாம். கூலர் வாங்குறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லி எலெக்ட்ரீஷியனை வரவைங்க.

இப்ப என் மெஷின் ஓடும்போது முதல்ல கேக்குறது மேல சுத்துற சீலிங் ஃபேன்தான். போன செமஸ்டர் எக்ஸாம் சமயத்துல, ஹெட்போன் மாட்டி விளையாடிக்கிட்டு இருந்தேன். ரூம்மேட் பக்கத்துல பாய் விரிச்சுப் படுத்தவன், "லைட்டை மட்டும் ஆஃப் பண்ணுடா"ன்னு சொல்லிட்டுத் திரும்பித் தூங்கிட்டான்.

லிஸ்ட் போட்டு வச்சிருக்கீங்க, சரியான்னு சந்தேகமா இருக்குன்னா, லேப் வாசல்ல பிடிச்சுக் கேளுங்க. எஃப்பிஎஸ் பத்தி அப்புறம் பேசலாம். ரூம்ல எத்தனை பேர் தூங்குறீங்கன்னு முதல்ல சொல்லுங்க.