உப்புத்தாள் யந்திரத்தின் பேரிங்

வெளி மாநிலங்களில் தச்சு வேலையும் பாலிஷ் வேலையும் செய்து வாழும் நம்மவர் பலர், உப்புத்தாள் பொருத்தி மரத்தைத் தேய்க்கும் மின்சாரக் கை யந்திரத்தை நாள்தோறும் கையாளுகிறார்கள். அது ஒரு நாள் கரகரவென்று ஓலமிட்டால், "இதன் ஆயுள் முடிந்தது, புதிது வாங்கு" என்று சொல்வோர் உண்டு. அன்றைய கூலியும் நின்று, யந்திரத்தின் விலையும் தலையில் விழும். ஆனால் பெரும்பாலும் ஆயுள் முடிந்தது யந்திரத்துக்கு அன்று. அதனுள் உள்ள ஒரு சிறு எஃகு வளையத்துக்கே.

அவ்வளையத்தைப் பட்டறைகளில் பேரிங் என்பர். என் போன்ற மொழிபெயர்ப்பாளர் 'தாங்கி' என்று எழுதுவோம். கடையில் அச்சொல் செல்லாது. உள்வளையம், வெளிவளையம், இடையே உருளும் எஃகுக் குண்டுகள், சிறிது கிரீஸ் ஆகியவையே அதன் அமைப்பு. உராய்வதை உருள்வதாக மாற்றுவதே அதன் தொழில். வண்டி அச்சுக்கு இத்தகைய குண்டுகளைப் பொருத்தும் முறைக்கு, வேல்ஸ் நாட்டுப் பிலிப் வான் என்பவர் 1794-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

வட்டத் தட்டு உள்ள யந்திரத்தில், மோட்டாரின் தண்டைத் தாங்கச் சில பேரிங்குகளும், தட்டைத் தாங்கத் தனியாக வேறொன்றும் இருக்கும். தட்டை ஒட்டியுள்ளதில் மரத்தூள் எளிதில் புகும். தூள் கிரீஸை உறிஞ்சவே, குண்டுகள் வறண்டு தேய்கின்றன. ஓசை, சூடு, தட்டில் ஆட்டம் ஆகிய மூன்றும் அதன் அறிகுறிகள். தட்டின் பேரிங் இறுகிவிட்டால், மெல்லச் சுழல வேண்டிய தட்டு மோட்டாரின் முழு வேகத்தில் சுழலும். மரத்தில் வட்டக் கீறல் விழும், கைக்கும் அபாயம். மோட்டாரின் பேரிங் தேய்ந்தாலோ, ஆர்மேச்சர் சுற்றுப்புறத்தில் உரசிச் சுருள் கருகிவிடும். அப்போது நஷ்டம் பெரிது.

பிளக்கை உருவிய பின்னரே யந்திரத்தைத் திறக்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு தூளை நீக்குக. கழற்றும் பாகங்களை வரிசை மாறாமல் வைத்து, எதிர்ப்பாரம் இருந்த நிலையைக் கோடிட்டுக் கொள்க. உள்வளையத்தைப் பிடித்து வெளிவளையத்தைச் சுழற்றுக. நறநறவென்றால் மாற்ற வேண்டியதே. பழையதைப் புல்லர் கொண்டு நேராக இழுத்தெடுக்கலாம். புதியதைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தையும், கூட்டுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தையும், அளவொத்த குழாய்த் துண்டை வைத்து அழுத்த வேண்டும். விசை குண்டுகளின் வழியே சென்றால் வளையத்தில் குழி விழும்; புதிய பேரிங்கும் முதல் நாளே இரையும். மூடியிட்ட புதிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவவும் கூடாது.

கடையில் என்ன கேட்பது? இந்தியோ மராத்தியோ சரளமாக வராதவர் இங்கேதான் தயங்குவர். கவலை வேண்டாம். பழைய வளையத்தின் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். ஓர் எண் பொறித்திருக்கும். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். 6001 என்றால் முறையே 12, 28, 8. எண்ணை அடுத்து 'இசட் இசட்' என்றிருந்தால் இருபுறமும் தகட்டு மூடி. '2 ஆர்எஸ்' என்றிருந்தால் ரப்பர் மூடி. தூளைத் தடுப்பதில் ரப்பரே மேல். தில்லி காஷ்மீரி கேட்டிலும் மும்பை நாக்தேவி தெருவிலும் இவ்வெண்ணுக்குப் பொருள் ஒன்றே. ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினால் போதும்.

பொருத்தியபின் தட்டைக் கையால் சுற்றிப் பார்த்து, பிறகே மின்சாரம் கொடுங்கள். சில நிமிஷங்கள் மரத்தில் படாமல் ஓடட்டும். ஓசை சீராக இருந்து, உடல் கொதிக்காமலிருந்தால் வேலை முடிந்தது. தூள் பையை அன்றன்று காலி செய்து வந்தால், புதிய பேரிங் நெடுநாள் உழைக்கும்.