பழைய அமெரிக்கக் கார்: எதை மாற்றலாம், எதைக் காக்க வேண்டும்?

1928இல் அமெரிக்க நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் பாகங்களைப் பூட்டி செவர்லே வண்டிகளை உருவாக்கத் தொடங்கியது. 1954இல் அந்த ஆலை நின்றது, உதிரிபாகங்கள் அரிதாயின. அதன்பின் அமெரிக்க வண்டிகளை ஓடவைத்தவை நம்மூர் லேத்துப் பட்டறைகளே. ஆகவே, கேட்பாரற்றுக் கிடந்த காரை மீட்கும்போது, இங்கே கடைந்த புஷ்ஷையும் பற்றவைத்த தகரத்தையும் வரலாற்றுச் சான்றாகவே காக்க வேண்டும்.

ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புவதே நேர்மை என்பர் சிலர். அப்படிச் செய்தால் புதிதாய் வந்த நாளின் தோற்றம் திரும்பும். ஆனால் பல பத்தாண்டு உழைப்பின் தடயம் அழியும். பாதுகாப்பு வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. பிரேக் குழாய், வயரிங், டயர் ஆகியவற்றைத் தயங்காமல் மாற்றலாம்; கழற்றியவற்றைக் குறிப்பெழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். துருவைத் தடுப்பது கடமை. பழுதுபார்த்த கைகளின் தடத்தை அழிப்பது இழப்பு.