கொடுமணல் எழுத்துப் பொறிப்புகளும் தரவுத்தளக் காட்சி அட்டவணைகளும்

முன்னுரை

ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் வடகரையில் அமைந்துள்ள கொடுமணல், பதிற்றுப்பத்து சுட்டும் கொடுமணம் என அறிஞர்களால் அடையாளங் காணப்பெற்றுள்ளது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பின்னர் பிற நிறுவனங்களும் நிகழ்த்திய அகழாய்வுகளில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. இவ்வெழுத்தின் தொன்மை குறித்துக் கருத்து வேறுபாடு நிலவுகிறது. ஐராவதம் மகாதேவன் எழுத்தமைதி கொண்டு மிகப் பழைய தமிழிக் கல்வெட்டுகளைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். கா. ராஜன் பொருந்தல், கொடுமணல் அகழாய்வுகளின் கதிரியக்கக் கரிமக் கணிப்பைக் கொண்டு அதனைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டிற்குக் கொண்டுசெல்கிறார். இருவேறு கணிப்புகளையும் ஒரே தரவுத்தளத்தில் பேணும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படை அட்டவணைகள்

ஓட்டின் எண், குழி, ஆழம் ஆகியன பதிவுகள். காலம் என்பது ஆய்வாளரின் முடிவு. எனவே முன்னவற்றை 'ஓடு' என்னும் அட்டவணையிலும், பின்னதை 'கணிப்பு' என்னும் அட்டவணையிலும் தனித்தனியே வைத்தல் வேண்டும். ஓர் ஓட்டிற்கு ஓர் அடிப்படையில் ஒரு கணிப்பே இடம்பெற வேண்டும்.

காட்சி அட்டவணை உருவாக்கம்

'வியூ' எனப்படும் காட்சி அட்டவணை தரவைச் சேமிப்பதில்லை. வினவலை மட்டுமே பெயரிட்டுச் சேமிக்கிறது. கணினியில் உரோமன் எழுத்தில் இடப்படும் கட்டளைச் சொற்கள் இங்கு ஒலிபெயர்க்கப்பட்டுள்ளன.

கிரியேட் வியூ எழுத்தமைதிக்_காட்சி ஆஸ்
செலக்ட் ஓடு.எண், ஓடு.குழி, கணிப்பு.நூற்றாண்டு
ஃப்ரம் ஓடு ஜாயின் கணிப்பு
ஆன் ஓடு.எண் = கணிப்பு.ஓட்டு_எண்
வேர் கணிப்பு.அடிப்படை = 'எழுத்தமைதி';

இறுதி வரியில் 'மண்ணடுக்கு' என மாற்றி, வேறொரு பெயரிட்டால் இரண்டாம் காட்சி கிடைக்கும். ஓடுகளின் பதிவு ஒன்றே, நோக்குகள் இரண்டு.

வினவலும் எச்சரிக்கையும்

காட்சியைப் பிற அட்டவணைகளைப் போன்றே வினவலாம்:

செலக்ட் குழி, கவுண்ட்(*) ஃப்ரம் எழுத்தமைதிக்_காட்சி குரூப் பை குழி;

இதன் விடையைக் குழிதோறும் கிடைத்த ஓடுகளின் மொத்தத் தொகை எனக் கொள்ளுதல் பிழையாகும். 'ஜாயின்' இணைப்பில் கணிப்பு வழங்கப்பெறாத ஓடுகள் விடுபடும். அவற்றையும் காண 'லெஃப்ட் ஜாயின்' இடவேண்டும். அப்போது 'வேர்' நிபந்தனையை 'ஆன்' பகுதிக்கு மாற்றுதல் வேண்டும். இல்லையேல் அவ்வோடுகள் மீண்டும் மறையும்.

மேலும், அடிப்படை அட்டவணையில் ஒரு திருத்தம் செய்யப்படின் அடுத்த வினவலிலேயே காட்சியின் விடை மாறும். ஆகவே ஆய்வேட்டில் எண்ணிக்கையுடன் வினவலும் அது இயக்கப்பட்ட நாளும் குறிக்கப்படுதல் இன்றியமையாதது. முடிவுகளையே சேமித்துவைக்க விரும்புவோர்க்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற மென்பொருள்களில் 'மெட்டீரியலைஸ்டு வியூ' உண்டு. அது தானே புதுப்பிக்கப்படாது. 'ரிஃப்ரெஷ்' கட்டளையிடும்போதே புதுப்பிக்கப்படும்.

முடிவுரை

ஆய்வாளர் ஒவ்வொருவரும் தத்தம் கணிப்பிற்கேற்பப் பட்டியலைப் படியெடுத்து வைப்பின், ஒரு திருத்தம் எல்லாப் படிகளையும் சென்றடைவதில்லை. பதிவையும் கணிப்பையும் பிரித்துக் காட்சிகளின்வழி இணைப்பின், மாறுபட்ட முடிவுகள் ஒரே சான்றின்மேல் நின்று ஒப்பிடப்படும். எம்முடிவு எந்த அடிப்படையில் எழுந்தது என்பதும் வினவலிலேயே வெளிப்படும்.