இடிமேகமும் சிறு விமானங்களும்

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் காலை, ஹைதராபாத் பேகம்பேட்டை விமான நிலையத்திலிருந்து ஒரு ஹெலிகாப்டர் சித்தூர் மாவட்டத்தை நோக்கிப் புறப்பட்டது. ஆந்திர முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியும், அதிகாரிகள் இருவரும், விமானிகள் இருவரும் அதில் இருந்தனர். ‘ரச்சபண்டா’ என்னும் கிராமக் குறைகேட்பு நிகழ்ச்சி அன்று சித்தூர் மாவட்டத்தில் தொடங்குவதாக இருந்தது. ஹெலிகாப்டர் அங்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் நல்லமலைக் காட்டில் அதன் சிதைவுகள் காணப்பட்டன. ஐவரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அது பெல் 430 என்னும் இரட்டை எஞ்சின் ஊர்தி. எஞ்சின் இரண்டும் விமானி இருவரும் இருப்பின் அபாயமில்லை என்று கருதுவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். கீழ்நோக்கிப் பாயும் வலிய காற்றில் அகப்பட்டு, கட்டுப்பாடிழந்து, ஊர்தி மிகுந்த வேகத்துடன் தரையில் மோதியதாக விசாரணைக் குழு கண்டது. அதற்கு முன், ஆறு நிமிடங்களுக்கு மேலாக, எண்ணெய் அழுத்தம் பற்றிய ஓர் ஐயத்திலேயே விமானிகளின் கவனம் ஈடுபட்டிருந்தது. வானிலை காரணமாக வழி விலக நேர்ந்தபோதும், வேறிடத்தில் இறங்குவது பற்றி அவர்கள் எண்ணவில்லை.

இக்காற்று பிறக்கும் முறையை வகுப்பறையில் எளிதாக விளக்கலாம். இடிமேகத்தினுள் உஷ்ணமான ஈரக்காற்று மேலெழுகிறது. பின்னர் மழைத்துளிகளும் ஆலங்கட்டிகளும் விழுகையில் காற்றையும் தம்முடன் இழுத்து வருகின்றன. துளிகளில் ஒரு பகுதி ஆவியாவதால் அக்காற்றுக் குளிர்ந்து, கனத்து, மேலும் விரைந்து இறங்குகிறது. பெரிய ஜெட் விமானங்களும் இம்மேகத்தை விலக்கியே செல்லும். கடுமையான இடிமேகத்தினின்று 20 மைலேனும் விலகுக என்பது விமானிகளுக்குப் பொதுவாகக் கூறப்படும் அறிவுரை. மலைகளுக்குமேல் தாழப் பறக்கும் சிறு ஊர்திக்கோ, கீழே தள்ளப்பட்டால் மீளுவதற்குப் போதிய உயரம் இராது.

திருப்பதிக்கு அருகிலுள்ள ரேணிகுண்டா போன்ற விமான நிலையத்தில் காற்று, மேகம், பார்வைத் தொலைவு ஆகியவை முறையாக அளந்து அறிவிக்கப்படுகின்றன. பள்ளி மைதானத்தில் ஒரு நாளைக்கென அமைக்கும் இறங்குதளத்தில் இவ்வசதி கிடையாது. அங்கு நிற்கும் களப்பணியாளரின் கண்ணே கருவி. மலையுச்சியை மேகம் மூடியிருந்தால் மூடியிருக்கிறது என்றே தெரிவிக்க வேண்டும். கூட்டம் காத்திருக்கிறது என்ற செய்தி விமானிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பந்தலும் மாலையும் வீணாவது பெரிய நஷ்டமன்று.

பயணிக்கும் இது பொருந்தும். திரும்பிவிடலாம் என்று விமானி சொன்னால், அவரை வற்புறுத்தலாகாது. தம் எடையையும் மூட்டையின் எடையையும் குறைத்துக் கூறுவது நம்மிடையே சாதாரணம். சிறு விமானத்தில் அதுவே விபத்துக்கு வழியாகலாம்.

ஹெலிகாப்டர் இறங்குமிடத்தில் குடை, துண்டு, காகிதத் தோரணம் முதலியன பறக்கும்படி இருத்தல் கூடாது. மாணவர்களைத் தொலைவில் நிறுத்துக. விமானி சைகை காட்டியபின், அவர் கண்ணில் படும்படி முன்புறமாகக் குனிந்து அணுக வேண்டும். வால் விசிறி சுழலும்போது கண்ணுக்குத் தெரியாதாகையால் பின்புறம் செல்லவே கூடாது. சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கமும் ஆகாது. மேல் விசிறி அங்கே தலையளவுக்குத் தாழ்ந்து சுழலும்.